தரையைத் தொட்ட பாவாடை

நான் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து ஸ்டுடியோவில் பழைய புகைப்படங்களை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று மன்னார்புரத்தில் வீட்டோடு இருப்பவள். அந்த வேலையைப் பார்க்கும் நிவேதா போன வாரம் போன் செய்தாள்.

"டீச்சர், 'உடுத்தியது' கண்காட்சியோட கடைசி நாள் படம் ஒண்ணு கெடைச்சிருக்கு. அந்தத் துணித் தொங்கலோட கீழ்ப்பாதி தரையில குவிஞ்சு கெடக்கு. கயிறு அறுந்துடுச்சா? பாக்க நல்லாவே இல்ல. நீக்கிடட்டுமா?"

"நீக்காதே" என்றேன்.

"ஏன் டீச்சர்? துணி தரையில படக்கூடாதுன்னு நீங்கதானே எங்களைப் பிடிச்சுத் திட்டுவீங்க."

உண்மைதான். திட்டியிருக்கிறேன். போனில் சொன்னால் அவள் பாதியில் வேறு அழைப்பு வருகிறது என்பாள். எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வேலையைப் பற்றி எழுதச் சொல்லி ஸ்டுடியோவில் வெகுநாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இது ஒன்று.

நான் தையல் கற்றது கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்பில். பிறகு ரெடிமேட் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் சட்டைக்குக் காலர் வைத்தேன், காலரைத் தவிர வேறெதுவும் வைக்கவில்லை. பிறகு அதே தையல் வகுப்புக்கே டீச்சராகப் போனேன். டீச்சர் என்ற பெயர் அங்கே ஒட்டியது, இன்னும் போகவில்லை. துணிகளைக் கொண்டு கலைவேலை செய்யும் வைதேகி மேடம் ஒருநாள் வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் தைத்ததை விட்டுவிட்டு நான் பிரித்துப்போட்டிருந்த துணியை எடுத்துப் பார்த்தார். "பிரிச்ச தடமே தெரியலையே. யார் பிரிச்சது?" என்றார். அடுத்த மாதம் அவருடைய ஸ்டுடியோவில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன்.

ஸ்டுடியோ என்றால் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் அவருடைய பூர்வீக வீட்டின் மாடி. பழைய துணிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துச் சுவரளவுக்கு, சில சமயம் இரண்டு சுவரளவுக்குத் தொங்கல்கள் செய்வதுதான் அவர் தொழில். கண்காட்சி என்று நோட்டீஸ் ஒட்டினால், கைத்தறித் தள்ளுபடி விற்பனை என்று நினைத்து ஜனங்கள் பையோடு வருவார்கள். "மீட்டர் என்ன விலைங்க?" என்று கேட்டவர்களை மேடம் ஒருபோதும் முறைத்ததில்லை. "இது விக்கறதுக்கில்லை, தொட்டுப் பாருங்கோ" என்பார்.

அவருக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. கொடுத்த துணியில் கத்தரி படக்கூடாது. மடிக்கலாம், சுருக்கலாம், ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துவைக்கலாம், வெட்டக்கூடாது. இரண்டாவது, துணி எந்த நிலையிலும் தரையில் படக்கூடாது. பிரிக்கும்போதும் மாட்டும்போதும் கீழே வெள்ளைக் காடாத்துணி விரித்திருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மந்திரியின் உதவியாளர் அந்தக் காடாமேல் செருப்போடு நடந்துவிட்டார். அந்த மனிதர் அதன்மேல் நின்றுகொண்டிருக்கும்போதே மேடம் காடாவை உருவி எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது சட்டம், 'உடுத்தியது' கண்காட்சிக்கென்றே வைத்தது: உடுத்தாத துணியை வாங்கக்கூடாது.

மூன்றாவதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. உடுத்திய துணி தானே சொல்லிவிடும். ஒரு ரிட்டயரான கண்டக்டர் தன் காக்கிச் சட்டையைத் தந்தார். பை தொங்கிய தோள் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. சேலை என்றால் கொசுவத்தின் அடியில் குதிகால் பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடச் சட்டை என்றால் பெஞ்சில் சாய்ந்த முதுகு. பெண் குழந்தைகளின் பாவாடை என்றால் டக். வளர்கிற பிள்ளை என்று பாவாடையின் கீழ்ப்பக்கம் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்களே, அதுதான். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்குவார்கள். பிரித்த இடத்தில் துணி மங்காமல் ஒரு பட்டை பளிச்சென்று தெரியும். அந்தப் பட்டைகளை எண்ணினால் எத்தனை வருடம் உடுத்தினாள் என்று சொல்லிவிடலாம்.

மேடம் பேச்சில் சிக்கனம். யார் எந்தச் சமாதானம் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். நாம் இன்னொரு காரணம் சொல்வோம். "அப்புறம்?" என்பார். நாலாவது தடவைக்குள் நம்முடைய காரணங்கள் தீர்ந்து, உண்மை மட்டும் மீதி நிற்கும். சாயக்காரர், ஆணி அடிப்பவர், ஓவியர் என்று ஒருவரும் தப்பியதில்லை. ஒரு ஓவியர் எங்களோடு கூட்டாக ஒரு வேலை செய்ய வந்து, துணிமேல் ஓவியம் தீட்டுவேன் என்றார். ஏன் என்று மூன்று "அப்புறம்" வரைக்கும் விளக்கினார். நாலாவதில், "எனக்குத் தைக்க வராதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மேடமும் சிரித்தார். அவர் கடைசிவரை எங்களோடு இருந்து நன்றாகத் தைக்கவும் கற்றுக்கொண்டார்.

'உடுத்தியது' கொள்ளிடக்கரை ஊர்களின் மகளிர் குழுக்களோடு சேர்ந்து செய்த வேலை. ஒவ்வொரு பெண்ணும் வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவர வேண்டும். சனிக்கிழமைகளில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து தைப்பார்கள். லால்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் சுகன்யா என்று ஒரு புதுப்பெண் சிவப்புப் பட்டுப்பாவாடை ஒன்று கொண்டுவந்தாள். பச்சைக் கரை. எடுத்து விரித்தேன். இரண்டு டக் இருந்தன. இரண்டும் தையல் பிரியாமல் அப்படியே இருந்தன. இடுப்புப் பட்டியில் வியர்வைக் கறை இல்லை. ஓரத்தில் மட்டும், புதுத்துணிக்கு வைக்கும் மஞ்சள்.

மேடத்திடம் கொண்டுபோனேன். "இது உடுத்தின துணி இல்ல மேடம். திருப்பிக் கொடுத்துடலாம்."

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடுத்தலை. ஆனா யாருக்கோன்னு அளவெடுத்துத் தைச்சிருக்கு. இருக்கட்டும் ஸ்டெல்லா."

அவர் தன் சட்டத்தைத் தானே தளர்த்தி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாவாடை தொங்கலின் நடுவுக்குப் போனது. வெட்டக்கூடாது என்பதால் பாவாடையாகவே, உருவம் கெடாமல் விரித்துவைத்து, சுற்றிலும் மற்றத் துணிகள் சேர்ந்தன. அந்த வேலையே அந்தச் சிவப்பை நம்பி நின்றது என்று சொன்னால் தப்பில்லை. அழைப்பிதழிலும் அதன் படம்தான்.

கன்டோன்மென்ட்டில் ஒரு கல்லூரியின் பழைய கூடத்தில் கண்காட்சி. உத்தரத்திலிருந்து கயிறு கட்டி, மூங்கில் கழியில் தொங்கலை ஏற்றிவிட்டோம். திறப்புக்கு முந்தைய நாள் காலை சுகன்யா தனியாக வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், அந்தப் பாவாடையைத் திருப்பிக் குடுத்துடுங்க. தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். அது வீட்டுச் சாமியோடது."

எனக்குப் புரிய நேரமாகவில்லை. நான் கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் இந்த ஊர்க்காரி. கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவளுக்குப் புதுத்துணி எடுத்து, மஞ்சள் தடவி, படைத்துப் பெட்டியில் வைப்பார்கள். மறுவருடம் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிட்டு, புதியதை உள்ளே வைப்பது வழக்கம். சுகன்யாவின் நாத்தனார் சிறுவயதிலேயே காய்ச்சலில் போனவள். பெயர் மலர். அந்த வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லாததால், படைத்த துணிகள் உடுத்த ஆளில்லாமல் பெட்டியிலேயே சேர்ந்துகொண்டிருந்தன.

"குழுவில வீட்டுத் துணி கொண்டாரச் சொன்னாங்க. என்கிட்ட இருக்கறதெல்லாம் கல்யாணத்துக்கு எடுத்த புதுசு. அவருகிட்ட கேட்டேன். பொட்டியில எவ்வளவோ கெடக்கு, ஒண்ணு எடுத்துக்கன்னாரு. நேத்துதான் பக்கத்து வீட்டக்கா சொல்லுது, ஆடிக் கடைசி வெள்ளி பொட்டி தொறந்து உங்க மாமியா ஒவ்வொண்ணா எடுத்து வெயில்ல காட்டுவாங்கன்னு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. இதைப் பாத்தா என்னை என்னன்னு நெனப்பாங்க?"

கண்காட்சிக்குப் பொறுப்பாகச் சென்னையிலிருந்து ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்திருந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவன். "பெரியகடை வீதியில இதே மாதிரி ஒண்ணு எடுத்து, மஞ்சள் வெச்சுப் பொட்டியில வெச்சுட்டாப் போச்சு மேடம். ஷோ முடிஞ்சதும் அசலை மாத்திக்கலாம்" என்றான். சுகன்யாகூடத் தலையாட்டினாள்.

"அப்புறம்?" என்றார் மேடம்.

"அவங்களுக்குத் தெரியாது மேடம்."

"அப்புறம்?"

"நாளைக்குத் திறப்பு. நடுவுல ஓட்டையோட எப்படி?"

"அப்புறம்?"

அவன் தொங்கலின் கயிற்றை அவிழ்க்கப் போனான். மேடம் சுகன்யாவிடம் திரும்பி, "இந்தக் காலத்துல சாமியைக்கூட ஏமாத்திடலாம்மா. பெத்தவ கையால எடுத்த பாவாடையை மாத்தி வெச்சு அவளை ஏமாத்த முடியாது. உக்காரு, பிரிச்சுத் தரோம்" என்றார். தொங்கலை இறக்கினோம், காடாவின் மேல்.

பிரிப்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், நிவேதாவுக்குப் பயன்படும். பட்டில் போட்ட ஓட்டுத் தையலை முடிச்சை வெட்டி நீளமாக உருவக்கூடாது, இழை கூடவே வரும். துணியைக் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றாக நறுக்கி, துண்டு துண்டாகக் குறட்டால் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு பெண் போட்டது. ஒருத்தி நெருக்கமாக, ஒருத்தி தவளை தாவுவது போல. எடுத்த பிறகு கொதிநீர் ஆவியில் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டி, ஊசித் துளைகளின் மேல் நகத்தால் நெடுக்கே பாவுப் பக்கமாகவும் குறுக்கே ஊடைப் பக்கமாகவும் லேசாக நீவினால் இழை நகர்ந்து துளை மூடும். பருத்தியில் முழுக்க மூடும், பட்டில் முக்கால்வாசிதான். தண்ணீர் தெளிக்கக்கூடாது. சோப்புத் தண்ணீர் அறவே கூடாது, மஞ்சள் சிவந்துபோய்விடும். அந்த மஞ்சளைக் காப்பாற்றுவதில்தான் எனக்குப் பயம் இருந்தது. தையல் தடத்தை எப்படியாவது மறைக்கலாம், அந்த அம்மா விரலால் வைத்த மஞ்சளை நான் திரும்ப வைக்க முடியாது.

பாவாடையைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சுகன்யாவிடம் கொடுத்தோம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரமாக ஒரு வரிசைப் புள்ளிகள் தெரிந்தன. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் பஸ் ஏறிப் போனாள்.

தொங்கலை ஓட்டையோடு மேலே ஏற்றினோம். பாவாடை வடிவில் ஓர் ஓட்டை, அதன் வழியே கூடத்தின் சுண்ணாம்புச் சுவர். வேறு சிவப்புத் துணி வைக்கலாம் என்று நானே சொன்னேன், மேடம் கேட்கவில்லை. திறப்பு விழா நன்றாக நடந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் அந்த ஓட்டையைப் பற்றியே பாதிப் பக்கம் எழுதியிருந்தார்கள், பெண்களின் வாழ்வில் இருக்கும் வெறுமையைக் கலைஞர் துணிச்சலாகக் காட்டியிருக்கிறார் என்று. ஒருங்கிணைப்பாளர் அதைப் பெரிதாக்கி வாசலில் மாட்டலாமா என்று கேட்டான். மேடம் படித்துவிட்டு நூல்கண்டு வைக்கும் தட்டுக்கு அடியில் விரித்துவிட்டார்.

ஆடிக் கடைசி வெள்ளி போனது. சுகன்யாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நல்ல வேளை, பிரச்சினை ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நான் அதை மறந்தும்விட்டேன்.

கண்காட்சியின் கடைசி நாள் மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கையில் மஞ்சப்பை. பின்னால் சுகன்யா, தலை குனிந்து. மாமியாரின் பெயர் அஞ்சலை. அவர் யாரையும் பார்க்காமல் நேராகத் தொங்கலின் முன்னால் போய் நின்றார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். பிறகு திரும்பி, "இங்க யாருங்க பெரியவங்க?" என்றார்.

மேடம் எழுந்து போனார். சண்டைதான் என்று நினைத்து நானும் பின்னால் போனேன்.

"ஏங்க, எம் பொண்ணு பாவாடை உங்களுக்கு ஆகலையா?"

மேடத்துக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"இவ எடுத்துக் குடுத்தது எனக்கு அந்த வாரமே தெரியுங்க. பொட்டியை நான் அப்பப்ப தொறந்து பாப்பேன். பையன்கிட்ட கேட்டேன். திருச்சி காலேஜ்ல சுவத்துல மாட்டப் போறாங்களாம், நாலு ஊரு சனம் பாக்குமாம்னான். எனக்கு அம்புட்டு சந்தோசம். உடுத்த ஆளில்லாம பொட்டியிலயே கெடந்தது, வெளிய போவட்டும்னு விட்டுட்டேன். சொன்னா இவ பயந்துக்குவான்னு நானும் சொல்லல. வெள்ளிக்கெழமை முடிஞ்சதும் வந்து பாக்கலாம்னு இருந்தேன்." பையைத் திறந்தார். "அன்னைக்குப் பொட்டி தொறந்தா, உள்ள கெடக்குது. ஓரம் பூரா ஊசி குத்துன தடம். தைச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க போலன்னு..."

பாவாடையை எடுத்து மேடத்திடம் நீட்டினார். சுகன்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, ஒருத்தியைக் காப்பாற்றுகிறோம் என்று, அந்த அம்மாவின் மகளைச் சுவரிலிருந்து பிரித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

மேடம் எப்போதும் யாருக்கும் எதையும் விளக்கமாட்டார். அன்று விளக்கினார். பாவாடை நடுவில் இருந்ததை, அழைப்பிதழில் இருந்ததை, சுகன்யா வந்து அழுததை, பிரித்ததை. அழைப்பிதழைக் கையில் கொடுத்தார். அஞ்சலை அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இதுக்கா பிரிச்சீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றார் மேடம்.

பிறகு தன் வழக்கமான ஒற்றை வார்த்தையைச் சொன்னார். "அப்புறம்?" ஆனால் அந்தக் குரலில் அதை நான் முன்பு கேட்டதில்லை.

அஞ்சலை மகளைப் பற்றிச் சொன்னார். அவள் போன பிறகும், இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயசுக்குத் தக்கபடி வருடா வருடம் துணி எடுத்தது, பாவாடை போய்த் தாவணி வந்தது, தாவணி போய்ச் சேலை வந்தது. "இது ஆறாங்கிளாஸ் போற வயசுக்கு எடுத்தது. வளர்ற புள்ள, ரெண்டு டக் வெச்சுத் தைங்கன்னு டெய்லர்கிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் கேக்கல, தைச்சுக் குடுத்துட்டாரு."

கூடத்தை மூட இன்னும் நேரம் இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார், நான் ஊசியைக் கோத்தேன். தொங்கலைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டு அஞ்சலை ஒரு பக்கமும் சுகன்யா ஒரு பக்கமும் தைத்தார்கள். புது இடம் தேட வேண்டியிருக்கவில்லை. நான் மூட முடியாமல் விட்ட துளைகளிலேயே ஊசி இறங்கியது.

தைத்து முடித்ததும் அஞ்சலை தள்ளி நின்று பார்த்தார். ஏதோ குறை அவருக்கு. "மேல ஏத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் எறக்குங்க. அந்தரத்துல தொங்குனா காயப்போட்ட மாதிரி இருக்கு. கீழ வந்தாத்தான் உடுத்திட்டு நிக்கற மாதிரி இருக்கும்."

இறக்கினால் தொங்கலின் கீழ்ப்பாதி தரையில்தான் கிடக்கும். அன்று காடாவைக்கூட அதற்குள் சுருட்டி வைத்திருந்தோம். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் போய்க் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்து விட்டார். கண்டக்டரின் காக்கிச் சட்டையும் யார் யாருடைய சேலைகளும் சிமெண்டுத் தரையில் மடிந்து குவிந்தன. ஒருங்கிணைப்பாளர் படம் எடுத்துக்கொண்டான். நிவேதா நீக்கிவிடலாமா என்று கேட்ட படம் அதுதான்.

பாவாடையின் கரை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. குவிந்த துணிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பார்த்தோம், கயிறு போதாமல் கழி அதற்கு மேல் இறங்கவில்லை.

"டீச்சர்," என்றார் அஞ்சலை, "டக்கைப் பிரிச்சு விட்டுடுங்களேன். வளந்திருப்பால்ல."

முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு டக்கையும் பிரித்தேன். கரை இறங்கித் தரையைத் தொட்டது. அஞ்சலை குனிந்து, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குச் செய்வது போல, அதை இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்து நேராக்கினார். பழக்கதோஷத்தில் நான் பிரித்த இடத்தில் பட்டை தெரிகிறதா என்று பார்த்தேன். உடுத்திய பாவாடையாக இருந்தால் பளிச்சென்று தெரியும். இதில் மேலும் கீழும் ஒரே சிவப்பு. எந்த இடத்தில் பிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.